அவங்க வந்தா எழுப்பு

நுழைவாயிலில் நின்ற பெண், விழாவுக்கு வருகிறவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் துணிப் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்ததும் அண்ணியின் இடது கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இந்தக் கை வேணாம்மா. இது மிஷின் கை. இதுல கட்டு," என்று வலது கையை நீட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்தபடி கட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். அண்ணியின் இடது முழங்கைக்குக் கீழே, ரத்தச் சுத்திகரிப்புக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் பெருவிரல் தடிமனில் புடைத்திருக்கும். விரலை வைத்தால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் வளையல் கூடாது, கடிகாரம் கூடாது, கனமான பை கூடாது, அதன் மேல் தலை வைத்துப் படுக்கவும் கூடாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவர் உயிர் அந்தக் கை வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

அண்ணி எனக்கு முதலில் தோழி. பிறகுதான் அண்ணி. நான் கோத்தா திங்கிக்கு உள்ளே எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்திலிருந்தும், அவர் சிகாமட்டிலிருந்தும் ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தோம். பெண்கள் விடுதியில் எனக்குக் கீழ்க்கட்டில், அவளுக்கு மேல்கட்டில். அப்போது அவள், இப்போது எழுதும்போது அவர் என்றுதான் கை போகிறது. கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண். தேவாலயத்தில் கித்தார் வாசித்துப் பழகியவள். நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னத் தகடுகளில் பிழை தேடிவிட்டு அறைக்குத் திரும்பினால் எங்களுக்குப் பேசவும் தெம்பு இருக்காது. அவளிடம் ஒரு கைக்கடக்கமான கேசட் பெட்டி இருந்தது. செவிப்பொறியில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். அப்படியே என் கட்டிலில் ஒட்டிப் படுத்து, மேல்கட்டிலின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு கிடப்போம்.

ஊருக்குப் போய் வந்த ஒரு தடவை அவள் கொண்டுவந்த கேசட்டில்தான் அந்தக் குழு எங்களுக்கு அறிமுகமானது. சிகாமட்டில் ரயிலடிக்குப் பின்னால் ஒரு கடை மாடியில் தாங்களே பாடிப் பதிவு செய்து, தாங்களே கொண்டுபோய் விற்ற நான்கு பேர். பாடுகிறவர் மலாய்க்காரர், கித்தார்க்காரர்களில் ஒருவர் சீனர். டிரம்ஸ் வாசித்தவர் தமிழர். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைச் சீண்டவில்லை, வானொலியும் போடவில்லை. மலாய்ப் பாட்டுகள்தான். ஆனால் ஒரே ஒரு பாட்டில், நடுவில், டிரம்ஸ்காரர் தமிழில் நாலு வரி பாடுவார். தீபாவளிக்கு ஊர் போக வேண்டிய ரயில் வராமல் ஸ்டேசனில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி. குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நம் பேச்சு வெளியே வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். 'சிகாமட் பையன்கள்' என்று நாங்களாகப் பேர் வைத்துக்கொண்டோம். அவர்களுடைய உண்மையான பேரை விடுதியில் யாரிடம் சொன்னாலும் "யார் அது?" என்றுதான் கேட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவர்களை நேரில் பார்க்க ஒரு தடவை கிளம்பினோம். சிகாமட்டில் ஒரு மண்டபத்தில் வாசிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேற்பார்வையாளரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிப் பேருந்து ஏறினோம். வருடக் கடைசி மழை. பாதி வழியிலேயே ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது என்று பேருந்தைத் திருப்பிவிட்டார்கள். மண்டபத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று மறுநாள் கேள்விப்பட்டோம். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்லா," என்றாள். அடுத்த வாட்டி என்று ஒன்று வரவில்லை. நால்வரும் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போய்விட்டார்கள். என்னைப் பார்க்க விடுதிக்கு வந்து போய்க்கொண்டிருந்த என் அண்ணன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கல்யாணத்தன்று கேலிக்காக "என்னா அண்ணி?" என்று கூப்பிட்டேன். அப்படியே ஒட்டிக்கொண்டது.

கெலாங் பாத்தாவில் வீடு. அண்ணன் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போவான், இருட்டிய பிறகு திரும்புவான். அண்ணி மகளை வளர்த்தார், பாதி நாள் வேலைக்குப் போனார், சர்க்கரை நோயை அசட்டையாக வைத்திருந்தார். வருடங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் மூவரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. களைப்பாகவே போயின என்று மட்டும் சொல்லலாம். மகள் பினாங்குக்குப் படிக்கப் போன வருடம் அண்ணியின் கால்கள் வீங்கின. அதற்கடுத்த வருடம் மிஷினில் போட்டுவிட்டார்கள்.

வாரத்தில் மூன்று முறை. அதில் சனிக்கிழமை என் பொறுப்பு. காலையில் கொண்டுபோய் விட்டு, நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து, பிழிந்த துணிபோல வெளியே வருகிறவரைக் காரில் ஏற்றி வீட்டில் படுக்க வைப்பேன். அவருக்குத் தண்ணீர்கூட அளவுதான். குடித்தது வெளியே போக வழியில்லாததால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். அதையும்விடத் தூக்கம் இல்லாததுதான் அவரை வாட்டியது. படுத்தால் கால்களுக்குள் எறும்பு ஊருகிறது என்பார். எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடி படுப்பார். "கண்ண மூடுனா காலு முழிச்சிக்குது," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் தொடர்ந்து ஒரு மணி நேரம் தூங்கியதைப் பார்த்து ரொம்ப காலம் ஆயிற்று என்று அண்ணன் சொன்னான். அவன் முகத்திலும் தூக்கம் இல்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, காருக்குள் ஏறியதும் அண்ணி கைப்பேசியை என்னிடம் நீட்டினார். தெசாரு பக்கம் கடலோரத் திடலில் இசை விழா. தனித்து இயங்கும் சின்னக் குழுக்களாகச் சேர்த்து வாசிக்க வைக்கிறார்கள். பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் எங்கள் சிகாமட் பையன்கள். பல வருடம் கழித்து ஒரே ஒரு மேடைக்காகச் சேர்கிறார்களாம். விழாவுக்குக் 'கோடை இசை விழா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நமக்கு வருசம் பூரா கோடைதான்லா," என்றார் அண்ணி. பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இது போனா இல்ல," என்றார். அவரையா, குழுவையா சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டு மேசையில் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பேசினான். "சனிக்கிழம மிஷின்ல இருந்து எறங்குனா நிக்கவே முடியல ஒனக்கு. அங்க வெயில்ல நிப்பியா? விழுந்தா யாரு தூக்குறது?"

"இவ இருக்கா," என்று அண்ணி என்னைக் காட்டினார்.

"இவளே பாதி செத்துப்போய்தான் வேலைக்குப் போய் வர்றா."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து விழுவோம்," என்றார் அண்ணி. "நீங்க ஒண்ணும் வர வேணாம். வேலைக்குப் போங்க. ஒரு நாள் போய்ட்டு வரேன். அவ்ளோதான்." அண்ணன் எழுந்து போய்விட்டான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தின் மிஸ்ஸி, தலைமைத் தாதி, என் வயதுள்ள மலாய்ப் பெண்மணி. நானே போய்க் கேட்டேன். முதலில் முறைத்தார். குழுவின் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. அவர் தம்பி அந்தப் பாட்டுகளைக் கத்திப் பாடிக் குடும்பத்தையே துன்புறுத்தியிருக்கிறானாம். அன்றைக்கு முதல் வேளையில் நாற்காலி ஒதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, விரலை ஆட்டி எச்சரித்தார். தண்ணீர் அளவோடு. இளநீர் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதிலுள்ள பொட்டாசிய உப்பு இருதயத்தை நிறுத்திவிடும். தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். "எனக்கு ஒரு வீடியோ எடுத்து வா," என்று மலாயில் கடைசியாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வெளிச்சம் வருமுன்பே அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முடிந்து வெளியே வந்தார். உதடு வெளுத்திருந்தது. "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன். காரின் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். நான் கிழக்கே ஓட்டினேன். கோத்தா திங்கி தாண்டியதும் இருபுறமும் செம்பனைதான். பத்து நிமிடம் கண்ணை மூடித் திறந்தாலும் அதே மரங்கள், அதே நிழல். எனக்கும் கண் சொருகியது. முந்தைய நாள் நான் வேலை முடித்து வந்ததே தாமதம். சன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன். அண்ணி மடியில் வைத்திருந்த குடுவையிலிருந்து அவ்வப்போது ஒரு பனிக்கட்டியை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். தண்ணீருக்குப் பதில் அதுதான்.

திடலுக்குள் போய்ப் பார்த்தால் வந்திருந்தவர்களில் பாதிப்பேர் எங்களைப் போலத்தான் இருந்தார்கள். தொப்பை, நரை, முழங்கால் பட்டை, தோளில் தூங்கும் குழந்தை. பழைய குழுச் சட்டைகள் வயிற்றில் இறுகிப் போயிருந்தன. இளநீர்க்காரர் எங்களைக் கூப்பிட்டுச் சீவிய காயை நீட்டினார். அண்ணி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையசைத்துக் கடந்து வந்தார். நடக்கும்போது என் தோளைப் பிடித்திருந்த கையில் கனம் கூடிக்கொண்டே போனது.

மேடையில் ஜொகூர் பாருவைச் சேர்ந்த மூன்று பெண்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எங்கள் விடுதிக் காலத்துக் குழுதான். பாடுகிறவர் இப்போது கண்ணாடி போட்டிருந்தார். பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கினார், அதை மறைக்கவும் இல்லை. அண்ணிக்கு முன்னால் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது. "வா வா," என்று என்னை இழுத்தார். கூட்டத்துக்குள் புகுந்து, மேடைத் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து, அவருக்குத் தெரிந்த பாட்டு ஆரம்பித்து, அதை அவர் வாய்விட்டுப் பாடவும் தொடங்கியிருந்தார். பிறகு பாடுவது நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண்கள் மேலே போயிருந்தன.

நான் பிடிப்பதற்குள் பின்னாலிருந்த இரண்டு சீன இளைஞர்கள் பிடித்துவிட்டார்கள். சவுக்கு மரங்களுக்கு அடியில் யாரோ விரித்திருந்த பாயில் படுக்க வைத்து, காலை என் பையின் மேல் தூக்கி வைத்தோம். ஒருவன் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றப் போனான். நான் கத்திவிட்டேன். அவன் பயந்துபோய் அந்தத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தான். முகத்தைத் துடைத்தேன். மருத்துவக் கூடாரத்திலிருந்து வந்தவர் ரத்த அழுத்தம் பார்த்து, குறைவுதான், ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். அண்ணி கண் திறந்து முதலில் கேட்டது, "பாட்டு முடிஞ்சிருச்சா?"

"போதும் அண்ணி. கெளம்புவோம். அண்ணனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"வீட்டுக்குப் போனா கட்டிலு. இங்க பாய். படுக்கறதுதானே? என்னா வித்தியாசம்?" குரல் மெலிந்திருந்தது, பிடிவாதம் மெலியவில்லை. "அவங்க வந்தா எழுப்பு."

எனக்கும் எழுந்து போகத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடலிலிருந்து காற்று வந்தது. வேறொரு குழு வந்து போனது, யார் என்றுகூட எனக்கு நினைவில்லை. வெயில் செம்பனைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது.

வழுக்கை விழுந்த நான்கு பேர் மேடைக்கு வந்தார்கள். மூவர் தடித்துப்போயிருந்தார்கள், டிரம்ஸ்காரர் மட்டும் ஒல்லியாக இருந்தார். முதல் அடி விழுந்ததும் தரை அதிர்ந்தது. நான் அண்ணியின் தோளைத் தொட்டு அசைத்தேன். "வந்துட்டாங்களா?" என்றார், கண்ணைத் திறக்காமல். "வந்துட்டாங்க அண்ணி." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வலது கை விரல்கள் பாயின் மேல் தாளத்தைத் தட்டின. சில தட்டல்களுக்குப் பிறகு விரல்கள் நின்றன. உதடு லேசாகப் பிரிந்தது. கால்களைப் பார்த்தேன். வீட்டில் ஓயாமல் இழுத்துக்கொண்டும் நீட்டிக்கொண்டும் இருக்கும் அந்தக் கால்கள் இரண்டும் அசையாமல் கிடந்தன.

இன்னொரு தடவை அசைத்தேன். எழவில்லை. பயந்து மூக்கருகே விரல் வைத்தேன். நிதானமான, ஆழமான மூச்சு. மேடையில் அத்தனை சத்தம். பக்கத்தில் நிற்கிறவர்கள் குதித்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர் தூங்குகிறார். வருடக்கணக்காக வராத தூக்கம் அங்கே, அந்தப் பாயில், வந்துவிட்டது. நான் எழுந்து நின்று மேடையைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். மறுபடி மேடையை.

ரயில் பாட்டு வந்தது. அதன் தமிழ் வரிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. எழுப்பு என்று சொல்லியிருந்தாரே. இதற்காகத்தானே அந்தச் சிகாமட் பேருந்தில் ஏறினோம், இதற்காகத்தானே இன்றைக்கும் வந்தோம். குனிந்து அவர் தோளில் கை வைத்தேன். வைத்த கை அசைக்க மறுத்துவிட்டது. டிரம்ஸ்காரர் குச்சிகளை நிறுத்தி, ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு பாடினார். குரல் உடைந்து போயிருந்தது. கேசட்டில் இருந்ததைவிட மெதுவாகப் பாடினார். சுற்றியிருந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் அர்த்தம் தெரியாமலே அந்த நாலு வரியைச் சேர்ந்து பாடினார்கள். கைப்பேசியில் மிஸ்ஸிக்காக எடுத்த வீடியோவில், மேடை இருக்கிறது, பிறகு படம் ஆடி ஆடிக் கீழே இறங்கி அண்ணியின் தூங்கும் முகத்தில் நிற்கிறது. நான் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை.

அவர் கண் விழித்தபோது கடைசிக் குழுவும் வாசித்து முடித்திருந்தது, வேறு பாட்டு எதுவும் மிச்சமில்லை. வேலையாட்கள் மேடையில் மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து உட்கார்ந்து, பாயின் கோடுகள் பதிந்த கன்னத்தைத் தடவியபடி, "அந்தப் பாட்டு பாடுனாங்களா?" என்று கேட்டார்.

"பாடுனாங்க."

"தமிழ்ல?"

"ம்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்புனேன் அண்ணி. அப்புறம்... மனசு வரல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா தூங்குனேன்டீ," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். திரும்பும் வழியில் அவர்கள் என்ன போட்டிருந்தார்கள், யார் எங்கே நின்றார்கள், டிரம்ஸ்காரர் எப்படிச் சிரித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பேசிக்கொண்டிருந்ததால்தான் எனக்கும் தூக்கம் வரவில்லை.

வீட்டு வாசலில் அண்ணன் வேலைச் சட்டையோடு நின்றிருந்தான். கஞ்சி காய்ச்சி வைத்திருந்தான். மயங்கி விழுந்ததை நானே சொல்லிவிட்டேன். தூங்கியதையும் சொன்னேன். அவனுக்கு எதைக் கேட்டுக் கோபப்படுவது என்று தெரியவில்லை. "தூங்கறதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்று அண்ணியிடம் கேட்டான்.

"வீட்டுல வரமாட்டேங்குதே," என்றார் அண்ணி. கஞ்சியை இரண்டு கரண்டி மட்டும் குடித்தார்.

அந்த வருடக் கடைசி மழையில் கிருமித் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. விழாவுக்குப் போனதால் வந்த தொற்று இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் அதைக் கேட்கவே இல்லை, நான்தான் கேட்டேன். தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, மிஸ்ஸி என் கையைப் பிடித்து, அந்த வீடியோவைத் தம்பிக்கு அனுப்பியதாகச் சொன்னார். பாட்டைவிட அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தானாம்.

சனிக்கிழமைகள் இப்போது காலியாகக் கிடக்கின்றன. எனக்கு இன்னும் இருட்டிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, போக வேண்டிய இடம் இல்லை என்று நினைவு வந்து, மறுபடி படுக்கிறேன். அண்ணன் சனிக்கிழமைக் கூடுதல் வேலையை விட்டுவிட்டான். முன்பே விட்டிருக்கலாம் என்று ஒருநாள் சொன்னான். அதன் பிறகு சொல்லவில்லை.

இந்த வருடம் அதே திடலில் விழா என்று அறிவிப்பு வந்தபோது நான் அவனிடம் வாயே திறக்கவில்லை. அவனாகவே கூப்பிட்டான். "போலாமா?" என்றான். அவனுக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடத் தெரியாது. சிகாமட் பையன்கள் ஒரே ஒரு மேடை என்று சொல்லியிருந்தாலும் மறுபடி வந்திருந்தார்கள். டிரம்ஸ்காரர் உட்காருவதற்கே சிரமப்பட்டார். நான் சவுக்கு மரத்தடிக்குப் போவோம் என்றேன். அண்ணன் கேட்காமல் ஒலிபெருக்கிகளுக்கு நேர் எதிரே போய் நின்றான். அவன் பக்கத்தில் நானும் நின்றேன். அடி விழ விழ நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அவன் சட்டைத் துணி நடுங்குவதைப் பார்த்தேன்.

இரண்டு மூன்று பாட்டுகள் அப்படியே நின்றான். பிறகு என் காதருகே குனிந்து கத்தினான். "இவ்ளோ சத்தம். இதுல எப்படி தூங்குனா அவ?"

"நல்லா தூங்குனாங்கண்ணே," என்று மட்டும் கத்தினேன். அவன் தலையை ஆட்டினான். மேடையைப் பார்த்தபடியே, கண்ணைத் துடைக்காமல் நின்றான். பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். முடிந்ததே தெரியாமல் நின்றவன், சத்தம் அடங்கிய பிறகு, தனியாகக் கொஞ்ச நேரம் கை தட்டினான்.